சுழல வேண்டியது கம்பியா, காந்தமா?

மழை இரவில் பழைய மோரிஸ் மைனர் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். சிக்னலில் நின்றதும் ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாக மங்கும். வைப்பர் கண்ணாடியின் நடுவே தயங்கித் தயங்கித் திரும்பும். டாஷ்போர்டில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எல்லாம் தெளிந்துவிடும். ஏதோ பழுது என்று ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனால், அவர் எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் செய்யும் டைனமோவைச் சோதித்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பார். அது உண்மைதான். அந்தக் காரை வடிவமைத்ததே அப்படித்தான்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த மோரிஸ் மைனர், பத்து லட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார். அதன் பிற்கால மாடல்களில் இருந்த லூகாஸ் நிறுவனத்தின் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் கொடுக்கும். செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 42 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு 12 வோல்ட்டில் 7 ஆம்பியர். முன்னும் பின்னும் உள்ள சிறு விளக்குகளுக்கு 2. இக்னிஷன் காயிலுக்கு 3 அல்லது 4. வைப்பருக்கு 3. இங்கிலாந்துக் குளிருக்கான ஹீட்டர் விசிறிக்கு இன்னொரு 3. கூட்டினால் 18, 19 ஆம்பியர் வருகிறது. வரவுக்குள் செலவு அடங்கிவிடுகிறது. ஆனால் அந்த 22 ஆம்பியர், எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது மட்டுமே கிடைக்கும் வரவு. எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது வரவு ஏறத்தாழ பூஜ்யம். அப்போது எல்லாச் செலவும் பேட்டரியின் தலையில்தான்.

1950-களின் கிராமத்துச் சாலைகளுக்கு இது போதுமானதாக இருந்தது. நின்று நின்று நகரும் இன்றைய போக்குவரத்துக்குப் போதவில்லை. 60 வாட் ஹாலஜன் விளக்கு, ரேடியேட்டருக்கு மின்விசிறி, பாட்டுப்பெட்டி, செல்போன் சார்ஜர் என்று செலவும் ஏறிவிட்டது. அதனால்தான் டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பூட்டுவது, பழைய கார் வைத்திருப்பவர்கள் அதிகம் செய்யும் மாற்றங்களில் ஒன்றாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சில போல்ட்டும் சில ஒயரும்தான். உள்ளே போய்ப் பார்த்தால், 130 ஆண்டுகள் ஒரு பக்கம் நடந்துவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்த மின்னியலின் கதை இருக்கிறது.

அந்தத் தொடக்கம் 1831. மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்சாரத்தை எழுப்பும் என்று அந்த ஆண்டு லண்டனில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். மறு ஆண்டே, பாரிஸில் அறிவியல் கருவிகள் செய்துவந்த இப்போலித் பிக்ஸி அதை ஒரு பொறியாக்கினார். குதிரைலாட வடிவக் காந்தம் ஒன்றைக் கைப்பிடியால் சுழற்ற வேண்டும். அதன் முனைகளுக்கு நேரே இரண்டு கம்பிச் சுருள்கள் அசையாமல் நிற்கும். வடமுனை சுருளைக் கடக்கும்போது மின்சாரம் ஒரு திசையில் ஓடியது. தென்முனை கடக்கும்போது எதிர்த்திசையில் ஓடியது. இன்று நம் வீட்டுச் சுவரில் வருவது இப்படித் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று 1832-இல் யாருக்கும் தெரியவில்லை. 1800-இல் வோல்டா உருவாக்கிய பேட்டரியோடு பழகியவர்கள் அவர்கள். மின்சாரம் என்றால் ஒரே திசையில் ஓட வேண்டும். எனவே விஞ்ஞானி ஆம்பியரின் யோசனைப்படி பிக்ஸி தன் பொறியில் ஒரு சுழல் சுவிட்சைச் சேர்த்தார். மின்சாரம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் அது இணைப்பையும் மாற்றிவிடும். வெளியே வருவது ஒரே திசையில் வரும். கம்யூட்டேட்டர் பிறந்தது இப்படித்தான்.

பிக்ஸியின் பொறியில் காந்தம் சுழன்றது, கம்பி நின்றது. அவருக்குப் பின் வந்தவர்கள் இதைப் புரட்டிப் போட்டார்கள். காந்தத்தை வெளியே நிறுத்தி, கம்பியை உள்ளே சுழல விட்டார்கள். கம்பிச் சுருள்களின் முனைகளைக் கம்யூட்டேட்டரோடு இணைக்க வேண்டும். இரண்டும் ஒரே தண்டில் சேர்ந்து சுழன்றால் அந்த இணைப்பு எளிது. நல்ல காரணம்தான். ஆனால் அந்த ஒரு வசதிக்காகக் கொடுத்த விலை பெரியது. அந்த விலையைத்தான் மோரிஸ் மைனர்க்காரர் சிக்னலில் நின்று செலுத்திக்கொண்டிருக்கிறார்.

டைனமோவைப் பிரித்தால் வெளிக்கூடு ஒரு எஃகுக் குழாய். அதன் உட்சுவரில் ஃபீல்டு காயில் சுற்றிய இரண்டு இரும்புத் துண்டுகள் எதிரெதிரே இருக்கும். நடுவே ஆர்மேச்சர்: மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த உருளை, அதன் காடிகளில் செப்புக் கம்பிச் சுற்றுகள். ஆர்மேச்சரின் ஒரு முனையில் கம்யூட்டேட்டர்: செப்புத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே மைக்கா. அதன்மேல் ஸ்பிரிங் அழுத்தத்தில் இரண்டு கார்பன் பிரஷ். பெல்ட் சுழற்றும்போது ஆர்மேச்சரில் பிறக்கும் மின்சாரம் அத்தனையும் அந்தக் கார்பன் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

வெளியிலிருந்து ஒரு துளி மின்சாரம்கூடக் கொடுக்காமல் டைனமோ தானே விழித்துக்கொள்ளும். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஃபீல்டு காயிலில் மின்சாரம் ஓடினால்தான் காந்தப்புலம் உண்டு. காந்தப்புலம் இருந்தால்தான் மின்சாரம் உண்டு. முதலில் எது வந்தது? விடை இரும்புக்குள் இருக்கிறது. ஒருமுறை காந்தமாக்கப்பட்ட இரும்பு, மின்சாரம் நின்ற பிறகும் கொஞ்சம் காந்தத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அந்த மிச்சக் காந்தம் ஆர்மேச்சரில் ஒரு சிறு வோல்டேஜை எழுப்புகிறது. அது ஃபீல்டு காயிலுக்குப் போய்க் காந்தத்தைக் கூட்டுகிறது. கூடிய காந்தம் இன்னும் அதிக வோல்டேஜ் தருகிறது. சில நொடிகளில் பொறி முழு பலத்துக்கு வந்துவிடுகிறது. 1867-இல் வெர்னர் சீமென்ஸ் பெர்லினிலும் சார்ல்ஸ் வீட்ஸ்டன் லண்டனிலும் சில வார இடைவெளியில் இந்தத் தத்துவத்தை அறிவித்தார்கள். எந்த முனை பாசிட்டிவ் என்பதையும் அந்த மிச்சக் காந்தமே தீர்மானிக்கிறது. ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த டைனமோவும் தன் பழைய திசையை மறப்பதில்லை. காரில் வேலை செய்யும்போது இது ரொம்ப முக்கியம். பின்னால் மறுபடி இதற்கு வர வேண்டியிருக்கும்.

இப்போது விலைக்கு வருவோம். செப்புக் கம்பி எடை மிகுந்தது. அது சுழலும்போது வெளிநோக்கித் தெறிக்கப் பார்க்கும். வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்காகும். அளவு மீறிச் சுழற்றினால் கம்பிச் சுற்றுகள் காடியைவிட்டுப் பிதுங்கி வந்து எல்லாவற்றையும் நாசமாக்கும். கம்யூட்டேட்டரில் கார்பனும் துள்ளித் தீப்பொறி பறக்கும். எனவே எஞ்சின் உச்ச வேகத்தில் ஓடினாலும் டைனமோ எல்லை தாண்டாதபடி புல்லியின் அளவை வைத்தார்கள். மேலே போட்ட அந்தக் கட்டு கீழேயும் கட்டிவிட்டது. ஐட்லிங்கில் டைனமோ ரொம்ப மெதுவாகவே சுழலும், எழும் வோல்டேஜ் பேட்டரியின் வோல்டேஜைக்கூட எட்டாது. சூட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் பிறக்கும் கம்பியில்தான் வெப்பமும் பிறக்கிறது. அந்தக் கம்பியோ பொறியின் நட்ட நடுவில், காற்று எளிதில் போகாத இடத்தில் இருக்கிறது.

டைனமோவுக்குக் காவலாக எஞ்சின் அறைச் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். நம் பட்டறைகளில் கட்-அவுட் என்றே மொத்தப் பெட்டியையும் சொல்லிவிடுவார்கள். லூகாஸ் ஆர்.பி.106 பெட்டியைத் திறந்தால் இரண்டு மின்காந்தங்கள் தெரியும். ஒன்று வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது. வோல்டேஜ் கூடும்போது அதன் தொடுமுனை விலகி, ஃபீல்டு காயிலுக்குப் போகும் மின்சாரத்தின் வழியில் ஒரு தடையைக் கொண்டுவரும். வோல்டேஜ் குறைந்ததும் மறுபடி ஒட்டும். நொடிக்குப் பல பத்து முறை இப்படி அதிர்ந்துகொண்டே இருக்கும். மற்றொன்றுதான் உண்மையான கட்-அவுட். டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியைவிட மேலே ஏறினால் இரண்டையும் இணைக்கும், இறங்கினால் பிரிக்கும். பிரிக்காமல் ஒட்டிக்கொண்டுவிட்டால் பேட்டரியிலிருந்து மின்சாரம் டைனமோவுக்குள் பாய்ந்து அதை மோட்டாராகச் சுழற்றப் பார்க்கும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வேண்டுமென்றே பேட்டரியைக் கொடுத்து டைனமோவைச் சுழல விட்டுத்தான் பழைய எலக்ட்ரீஷியன்கள் அதன் நலத்தைச் சோதிப்பார்கள். பிற்கால ஆர்.பி.340 பெட்டியில் மூன்றாவதாக ஒரு மின்காந்தமும் சேர்ந்தது. ஆம்பியர் அளவு மீறாமல் டைனமோ எரிந்துபோவதைத் தடுப்பது அதன் வேலை.

இனி ஆல்டர்னேட்டரைத் திறந்து பார்க்கலாம். எல்லாம் உள்ளும் புறமுமாக இடம் மாறியிருக்கும். வெளிக்கூட்டில் அசையாமல் மூன்று கம்பிச் சுருள் தொகுதிகள். நடுவே சுழல்வது காந்தம். பிக்ஸி 1832-இல் வைத்த அதே அமைப்பு!

சுழலும் அந்தக் காந்தத்தின் வடிவம் மிக அழகானது. ஒரே ஒரு வட்டச் சுருள். அதன் இருபுறமும் நகங்களை மடக்கிய கைபோல இரண்டு இரும்புத் தட்டுகள். ஒரு தட்டின் நகங்கள் மற்றதன் நகங்களுக்கு இடையே புகுந்து நிற்கும். சுருளில் மின்சாரம் ஓடினால் ஒரு தட்டின் நகங்கள் எல்லாம் வடமுனை, மற்றதன் நகங்கள் எல்லாம் தென்முனை. ஒற்றைச் சுருளிலிருந்து 8 முனை, 12 முனை என்று கிடைத்துவிடுகிறது. சி40 டைனமோவில் இருப்பதோ இரண்டே முனை. தெறித்துப் போகக் கம்பி எதுவும் வெளியே இல்லை, எல்லாம் இரும்புக்குள் பத்திரமாக இருக்கிறது. எனவே நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேலும் தாங்கும். புல்லியைச் சிறிதாக்கி எஞ்சினைப்போல் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் வேகத்தில் சுழல விடலாம். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போதே ஆல்டர்னேட்டர் வேலை செய்யும் வேகத்தில் இருக்கும்.

இங்கும் கார்பன் பிரஷ் உண்டு. ஆனால் அது சுமப்பது காந்தச் சுருளுக்குத் தேவையான 3 ஆம்பியர் அளவு மட்டும். துண்டு துண்டான கம்யூட்டேட்டருக்குப் பதில் வழவழப்பான இரண்டு செப்பு வளையங்கள்மேல் அது வழுக்கிப் போகிறது. தீப்பொறி இல்லை, தேய்மானம் குறைவு. 40, 50 ஆம்பியர் பிறப்பது அசையாத வெளிச்சுற்றில். அங்கே காற்று படுவதால் சூடு எளிதில் வெளியேறுகிறது. போல்ட் போட்டு இறுக்கிய கனமான முனையிலிருந்து ஒயரை நேராக எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு நல்ல அமைப்பைக் கார்களில் முன்பே ஏன் வைக்கவில்லை? பிக்ஸிக்கு வந்த சிக்கல்தான். இதிலிருந்து வருவது திசை மாறும் மின்சாரம், பேட்டரிக்கு வேண்டியது ஒரே திசை. நகரும் பாகம் இல்லாமல் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பொருள் தேவைப்பட்டது. செலினியம் பூசிய தகடுகளை அடுக்கிச் செய்த ரெக்டிஃபையர்கள் இருந்தன. 1940-களில் அமெரிக்காவில் போலீஸ் கார்களிலும் பேருந்துகளிலும் அவற்றை வைத்து ஆல்டர்னேட்டர் ஓட்டினார்கள். ஆனால் அவை பருமனானவை, சூட்டைத் தாங்காதவை. 1950-களில் சிலிக்கான் டயோடு வந்தது. நகத்தளவுப் படிகம். அதன் ஒரு பாதியில் எலக்ட்ரான்கள் கூடுதலாகவும் மறு பாதியில் குறைவாகவும் இருக்கும்படி வேற்றுப் பொருள் சிறிது கலந்திருப்பார்கள். இரண்டும் சேரும் எல்லையில் தானாகவே ஒரு மின்தடுப்பு உருவாகிறது. ஒரு திசையில் 0.7 வோல்ட் அளவு அழுத்தம் கொடுத்தால் தடுப்பு கரைந்து மின்சாரம் ஓடும். எதிர்த்திசையில் அழுத்தினால் தடுப்பு இன்னும் அகன்று நின்றுவிடும். எஞ்சின் அறையின் வெப்பத்தை அது தாங்கியது. கிரைஸ்லர் நிறுவனம் 1960-ஆம் ஆண்டு மாடல் வாலியண்ட் கார் ஒவ்வொன்றிலும் ஆல்டர்னேட்டரையே பொதுவாக வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்துவிட்டன.

ஆறு டயோடுகள், மூன்று சுருள்கள். 12 முனைக் காந்தம் நிமிடத்துக்கு 2,000 முறை சுழன்றால் ஒவ்வொரு சுருளிலும் மின்சாரம் நொடிக்கு 200 முறை முழுச் சுற்று வந்து திரும்பும். ஆறு டயோடுகளும் அதை மடித்து ஒரு பக்கமாக்கும்போது நொடிக்கு 1,200 சிறு மேடுகள் கிடைக்கின்றன. கார் ரேடியோவில் சிலசமயம் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் மெல்லிய சீழ்க்கை கேட்கிறதே, அது அந்த மேடுகளின் ஒலி.

டயோடு வந்ததும் கறுப்புப் பெட்டிக்குள் நடந்ததுதான் இந்தக் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கிப் பாயாமல் காப்பது கட்-அவுட்டின் வேலை. டயோடு இயல்பிலேயே அதைச் செய்துவிடுகிறது. எனவே அந்த மின்காந்தம் தேவையில்லை. ஆம்பியர் அளவு மீறாமல் காப்பது இன்னொன்றின் வேலை. ஆல்டர்னேட்டரில் வேகம் கூடக்கூட மின்சாரம் திசை மாறும் வேகமும் கூடுகிறது. சுருள்கள் தங்கள் தூண்டல் தன்மையால் அதை இன்னும் அதிகமாக எதிர்க்கின்றன. வேகம் எவ்வளவு ஏறினாலும் ஆம்பியர் ஓர் அளவுக்கு மேல் போகாமல் சுருளே பிடித்துக்கொள்கிறது. எனவே அதுவும் தேவையில்லை. மிஞ்சியது வோல்டேஜ் கட்டுப்பாடு ஒன்றுதான். அதையும் டிரான்சிஸ்டர் எடுத்துக்கொண்டது. லூகாஸின் ஏ.சி.ஆர். வகை ஆல்டர்னேட்டர்களில் அது பின்மூடிக்குள்ளேயே அடங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்துக்காரர்கள், காந்தம் சுழன்று கம்பி நிற்கும் இந்தத் தத்துவத்தைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளத் தேவையில்லாமல் போனது. 1990-களின் போர்க்காலத்தில் அங்கே மின்சாரம் இல்லை, பேட்டரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, சக்கரத்தில் உரசும் டைனமோவிலிருந்து வானொலியை ஓட்டிச் செய்தி கேட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள். சைக்கிளில் டைனமோ என்று நாம் சொல்லும் அந்தப் புட்டிக்குள் சுழல்வது நிலைக்காந்தம், அசையாமல் நிற்பது கம்பி. உள்ளபடிக்கு அது குட்டி ஆல்டர்னேட்டர். விளக்குக்கு அப்படியே கொடுக்கலாம். வானொலிக்குக் கொடுக்க வேண்டுமானால் டயோடு வைத்து ஒரு திசைக்குத் திருப்பியாக வேண்டும். பழைய ஆஸ்டின் ஏ40-களையும் மோரிஸ் கார்களையும் பல ஆண்டுகள் ஓட்டிக்காட்டிய அந்த ஊரில், இரவில் வானொலிக்கு உயிர் கொடுத்தது அந்தக் கார்களில் இருந்த டைனமோவைவிடப் புதுமையான அமைப்பு.

இனி காருக்குள் கைவைக்கும் வேலை. முதலில் வருவது எர்த். 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1960-கள் வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியோடு இணைத்தார்கள். முனைகள் அரிப்பது குறையும் என்பது அன்றைய நம்பிக்கைகளில் ஒன்று. ஆல்டர்னேட்டர்கள் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்யப்பட்டவை. பேட்டரியைப் பழைய வழக்கப்படியே மாட்டிவிட்டால் ஆறு டயோடுகளும் ஒரே நேரத்தில் திறந்த வழியாகிவிடும். பேட்டரியின் மொத்த பலமும் அவற்றின் வழியே பாயும். கண் இமைக்கும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். எனவே முதலில் காரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும்.

மாற்றினால் ஸ்டார்ட்டர் மோட்டார் எதிர்த்திசையில் சுழலாதா என்று பலர் பயப்படுகிறார்கள். சுழலாது. அதில் ஃபீல்டும் ஆர்மேச்சரும் ஒரே மின்சாரத்தில் ஓடுகின்றன. இரண்டும் ஒருசேரத் திசை மாறுவதால் விசையின் திசை மாறுவதில்லை. ஆனால் நிலைக்காந்தம் வைத்த மோட்டார் ஏதாவது பின்னாளில் பொருத்தியிருந்தால் அது எதிர்த்திசையில் சுழலும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ எரிந்தே போகும். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு ஒயர்களை இடம் மாற்றிப் பூட்ட வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் நடுமுனை அதிகச் சூட்டில் இருப்பதால் எலக்ட்ரான்களை எளிதில் விடும். அது நெகட்டிவாக இருந்தால் பொறி குறைந்த வோல்டேஜிலேயே பாயும். ஒயரை மாற்றாவிட்டாலும் கார் ஓடும், அதனாலேயே பலர் இதைக் கவனிப்பதில்லை. ஓடும்போது தெரியாத அந்தக் குறை, பிளக் தேய்ந்த நாளில் கார் ஸ்டார்ட் ஆகாமல் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது ஒயர். என் அனுபவத்தில் மிக அலட்சியமாகச் செய்யப்படுவது இதுதான், தீப்பிடிக்க வைப்பதும் இதுதான். 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள், நீளம் 3 மீட்டர். 22 ஆம்பியர் போனால் அதில் ஏறத்தாழ 6 வாட் சூடாக வீணாகும். அதே கம்பியில் 45 ஆம்பியர் போனால் 26 வாட். மின்சாரம் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. ரப்பரும் பஞ்சுநூலும் சுற்றிய அறுபது வயது ஒயர் இதைத் தாங்காது. அதுமட்டுமல்ல, வழியில் அரை வோல்ட்டுக்கு மேல் இழந்துவிடுவதால் ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும் பேட்டரிக்கு 13.6-தான் போய்ச் சேரும். பேட்டரி ஒருநாளும் நிறையாது. ஆல்டர்னேட்டர் சரியில்லை என்று பழி வேறு விழும். ஆல்டர்னேட்டரிலிருந்து ஸ்டார்ட்டர் சொலினாய்டுக்கு நேராகப் புதிதாக ஒரு தடித்த ஒயரை, தகுந்த ஃப்யூஸோடு, இழுத்துவிடுவதே முறை. டாஷ்போர்டில் 30 ஆம்பியர் வரை காட்டும் பழைய அம்மீட்டர் இருந்தால் மொத்த மின்சாரத்தையும் அதன் வழியே அனுப்பக் கூடாது. வோல்ட்மீட்டர் பொருத்திக்கொள்ளலாம், பேட்டரியின் நிலையை அது இன்னும் நன்றாகவே சொல்லும். கறுப்புப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உள்ளிணைப்புகளைத் துண்டித்துவிட்டு, ஒயர்கள் சந்திக்கும் இடமாக அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

டாஷ்போர்டின் சிவப்பு விளக்கும் இனி வெறும் எச்சரிக்கை விளக்கல்ல. ஆல்டர்னேட்டரின் காந்தத்தில் மிச்சக் காந்தம் குறைவு. டைனமோபோல் எளிதில் தானே விழிக்காது. சாவியைத் திருப்பியதும் அந்த 2.2 வாட் பல்பின் வழியே வரும் 0.2 ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம்தான் காந்தச் சுருளை எழுப்புகிறது. பல்பு பியூஸ் போனால் சார்ஜ் ஏறாது. அழகுக்காக எல்.இ.டி. பல்பு மாட்டினாலும் அப்படித்தான், அது விடும் மின்சாரம் போதாது. சார்ஜ் ஏறவில்லை என்று ஆல்டர்னேட்டரையே மாற்றிவிட்டு, கடைசியில் பல்பில் வந்து நின்ற கதைகள் நிறைய உண்டு. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய பழக்கத்தையும் இனி விட்டுவிட வேண்டும். சுமை திடீரென்று விலகும்போது ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஒரு கணம் பல பத்து வோல்ட் எகிறி, டயோடையும் ரெகுலேட்டரையும் கொன்றுவிடும்.

எவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டர்? பெரிதாக இருந்தால் நல்லது என்ற எண்ணம் தவறு. 14 வோல்ட்டில் 45 ஆம்பியர் என்றால் 630 வாட். வழியில் வீணாவதையும் சேர்த்தால் எஞ்சினிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் குதிரைத்திறன் போகும். 948 சி.சி. மோரிஸ் மைனரின் மொத்தத் திறனே 37 குதிரைத்திறன்தான். அந்த ஒற்றை ஃபேன் பெல்ட்டும் எல்லாச் சுமையையும் இழுக்காது, கீச்சிட்டு வழுக்கும். 35 முதல் 45 ஆம்பியர் அந்தக் காருக்குப் போதும். நம் ஊர் அம்பாசடருக்கு இதில் ஒரு வசதி உண்டு. அதன் பிற்கால மாடல்களில் ஆலையிலேயே ஆல்டர்னேட்டர் பூட்டி வந்தார்கள், எனவே பிராக்கெட்டும் பாகங்களும் தேடிக் கிடைக்கும். பேருந்து நிறுத்தத்துக்கே தன் பெயரைக் கொடுத்துவிட்ட, வாகன மின்கருவிகள் செய்யும் பாடி லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனம் 1961-இல் தொடங்கியது. டைனமோ யுகமும் ஆல்டர்னேட்டர் யுகமும் சென்னையின் அந்த ஒரே வளாகத்தின் வழியாகக் கடந்து போயிருக்கின்றன.

எல்லாரும் மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ஞாயிறு காலையில் கடற்கரைச் சாலைவரை போய்வரும் கார் என்றால் டைனமோ போதும். வரும்படியைக் கூட்டாமல் செலவைக் குறைப்பதும் ஒரு வழி. பின் விளக்கையும் உள் விளக்கையும் எல்.இ.டி. ஆக்கினாலே கொஞ்சம் மின்சாரம் மிச்சமாகும். ஹெட்லைட்டில் மட்டும் அவசரப்படக் கூடாது. பழைய பிரதிபலிப்பான் கம்பியிழை பல்பின் இடத்துக்கேற்ப வளைக்கப்பட்டது, அதில் எல்.இ.டி. மாட்டினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும். கறுப்புப் பெட்டியின் மூடிக்குள் டிரான்சிஸ்டர் ரெகுலேட்டரை வைத்துக்கொள்ளலாம், வெளித்தோற்றம் மாறாது. டைனமோ வடிவக் கூட்டுக்குள்ளேயே ஆல்டர்னேட்டரை அடக்கியும் விற்கிறார்கள், விலை அதிகம். ஆனால் இரவில் ஓட்டுகிறவர், மழையில் ஓட்டுகிறவர், குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். காரின் பழமையைவிட, முன்னால் போகும் சைக்கிள்காரரைப் பார்க்க முடிவது முக்கியம்.

நம் வெயிலுக்கு ஒரு சொல். பேட்டரி சூடாகும்போது அதற்குத் தேவையான சார்ஜிங் வோல்டேஜ் குறைகிறது. 12 வோல்ட் பேட்டரியில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 0.02 வோல்ட். 25 டிகிரியில் 14.4 சரி என்றால் 40 டிகிரியில் 14.1-ஐ ஒட்டி இருப்பது நல்லது. மீறினால் நீர் பிரிந்து வாயுவாகப் போகும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டிவரும். வேலை முடிந்ததும் எஞ்சினைக் கொஞ்சம் வேகத்தில் வைத்து, விளக்கெல்லாம் போட்டு, பேட்டரி முனைகளில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 13.8-க்கும் 14.4-க்கும் இடையே இருக்க வேண்டும். பிறகு ஆல்டர்னேட்டரின் முனையிலும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறை ஒயரிலோ இணைப்பிலோதான்.

கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பின்முனை புஷ்ஷில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி வையுங்கள். கண்காட்சிக்கோ, அடுத்து வாங்குபவரின் விருப்பத்துக்கோ அதை மீண்டும் பூட்ட நேரலாம். அப்போது கார் நெகட்டிவ் எர்த்தில் இருக்கும். டைனமோவின் இரும்போ பழைய பாசிட்டிவ் எர்த் திசையிலேயே இருக்கும். பூட்டியதும், கட்-அவுட் பெட்டியோடு இணைப்பதற்கு முன், பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு ஒயரை எடுத்து டைனமோவின் சிறிய முனையான எஃப்-இல் இரண்டு மூன்று முறை மின்னலாகத் தொட்டு எடுங்கள். சிறு பொறி தெரியும். அதற்குள் இரும்பு புதிய திசைக்கு மாறியிருக்கும்.